காசிமேட்டுத் தோழிகளின் படப் புத்தகம்: வரைவைப் பற்றி உங்கள் கருத்து வேண்டும்

காசிமேடு வாசிப்பு வட்டத் தன்னார்வலர் (இழையைத் தொடங்கியவர்):

அனைவருக்கும் வணக்கம். காசிமேட்டில் வாரியக் குடியிருப்பு ஒன்றின் மாடிப்படிகளில் ஞாயிற்றுக்கிழமைதோறும் குழந்தைகளுக்குக் கதை வாசித்துக் காட்டும் நாங்கள் சிலர், ஐந்து முதல் எட்டு வயதுக் குழந்தைகளுக்காக ஒரு படப் புத்தகம் உருவாக்கி வருகிறோம். நட்பும் வாசிப்பின் மகிழ்ச்சியும் அதன் பொருள். முழு வரைவும் கையால் வரைந்து முடிந்துவிட்டது; அதன் பக்கங்களை இத்துடன் இணைத்திருக்கிறேன். அச்சுக்குப் போகும் முன் உங்களிடம் சில கேள்விகளை வைக்க விரும்புகிறேன்.

கதை இதுதான். தேவியும் ஸ்டெல்லாவும் ஒரே தளத்தில் குடியிருக்கும் இரண்டாம் வகுப்புத் தோழிகள். தேவி சரளமாக வாசிப்பாள்; ஸ்டெல்லாவுக்கு எழுத்துகள் இன்னும் பிடிபடவில்லை. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை நீளும் மீன்பிடித் தடைக்காலமும் கோடை விடுமுறையும் சேர்ந்து வரும் நாட்களில், கரையில் ஏற்றி வைத்திருக்கும் ஒரு படகின் நிழலில் இருவரும் உட்கார்ந்து, நூலகத்திலிருந்து எடுத்து வந்த ஒரே புத்தகத்தைப் பார்க்கிறார்கள். தேவி எழுத்துகளைச் சொல்லிக் கொடுக்கிறாள். கருவாடு காயவைக்க ஆள் வேண்டும் என்று ஸ்டெல்லாவின் அம்மா அவளை இடையிலேயே அழைத்துப் போகிறார். பள்ளி திறந்ததும் ஸ்டெல்லா மேடையேறி வாசித்துப் பரிசு வாங்குகிறாள்.

இதைக் குழந்தைகளுக்கு வாசித்துக் காட்டியபோது, படகின் நிழலில் நடக்கும் பக்கங்களை மறுபடியும் மறுபடியும் காட்டச் சொன்னார்கள். பரிசு மேடைப் பக்கம் வந்ததும் பின்வரிசையில் இருந்தவர்கள் எழுந்து விளையாடப் போய்விட்டார்கள். முன்னால் இருந்த ஒரு சிறுமி மட்டும், “தேவி எங்கே?” என்று கேட்டாள். பார்த்தால், அந்தப் படத்தில் தேவி இல்லை. அதுமுதல் முடிவைப் பற்றிய யோசனையாகவே இருக்கிறது. உரையாடல்களை எங்கள் பகுதிப் பேச்சில் எழுதலாமா, எத்தனை பக்கங்களில் நிறுத்தலாம் என்பவற்றையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

ஓய்வுபெற்ற தொடக்கப்பள்ளி ஆசிரியர், தண்டையார்பேட்டை:

பரிசு மேடை வேண்டும் என்று நான் வலியுறுத்தவில்லை. ஆனால் ஸ்டெல்லா வாசிக்கத் தொடங்குவதைக் கதையிலிருந்து எடுத்துவிடாதீர்கள். எழுத்துக்கூட்டுவதிலேயே மூச்சு முட்டும் குழந்தைக்கு வாசிப்பின் மகிழ்ச்சி என்பது மற்றவர் வீட்டு விருந்தாகத்தான் தெரியும். அதைப் பல ஆண்டுகள் முதல் வகுப்பிலும் இரண்டாம் வகுப்பிலும் நேரில் பார்த்தவன் நான்.

எந்த இடத்தில் குழந்தை தடுமாறுகிறது என்பதைப் படப் புத்தகம் எழுதுகிறவர்கள் பெரும்பாலும் கவனிப்பதில்லை. நம் எழுத்தில் ஒற்றைக்கொம்பும் இரட்டைக்கொம்பும் இணைக்கொம்பும் மெய்யெழுத்துக்கு முன்னால் நிற்கின்றன. ஒலிக்கும்போதோ மெய்தான் முதலில் வருகிறது. ‘கொ’, ‘கோ’ என்னும்போது முன்னால் ஒரு கொம்பு, பின்னால் ஒரு துணைக்கால் என்று குழந்தையின் கண் எழுத்தின் இருபுறமும் போய்த் திரும்ப வேண்டும். உகர வரிசையிலோ ‘கு’, ‘சு’, ‘டு’, ‘து’, ‘பு’ என்று ஒவ்வொன்றுக்கும் வடிவம் வேறு. ஒன்றைக் கற்றுக்கொண்டதை வைத்து அடுத்ததை ஊகிக்க முடியாது. இத்தனையும் தாண்டி வரும் குழந்தையின் முன், ‘விளையாடிக்கொண்டிருந்தார்கள்’ என்று ஒரே மூச்சில் நீளும் சொல்லை வைத்தால், அது சொல்லின் நடுவிலேயே தொடக்கத்தை மறந்துவிடும். ‘விளையாடினார்கள்’ போதும். பக்கத்துக்கு இரண்டு வரி, வரிக்கு நான்கைந்து சொற்கள், வரி முடியும் இடத்தில் சொல் உடையாமை: இவற்றை மட்டும் காப்பாற்றினாலே பெரும் உதவி.

அரசுப் பள்ளிகளின் வாசிப்பு இயக்கப் புத்தகங்கள் ‘நுழை, நட, ஓடு, பற’ என்று நான்கு நிலைகளில் வருகின்றன. உங்கள் புத்தகம் ‘நுழை’க்கும் ‘நட’வுக்கும் இடையில் நிற்கட்டும் என்பது என் எண்ணம்.

ஓவியர், பெரம்பூர்:

அந்தச் சிறுமி கேட்ட கேள்விக்கு நாம் அனைவரும் கடமைப்பட்டிருக்கிறோம். வரைவைத் தொடக்கத்திலிருந்து பாருங்கள். தேவி கொடுப்பவள், ஸ்டெல்லா வாங்கிக்கொள்பவள். ஒவ்வொரு படத்திலும் தேவியின் விரல் எழுத்தின் மேல் இருக்கிறது. ஸ்டெல்லாவின் கைகள் மடியில் இருக்கின்றன. தேவி நல்ல ஆசிரியையாக இருக்கிறாள் என்பதை ஒப்புக்கொள்கிறேன். அவள் எப்போது தோழியாகிறாள்? ஸ்டெல்லா இல்லாமல் தேவியால் பெற முடியாத ஏதோ ஒன்று அந்தப் புத்தகத்துக்குள் இருந்தால்தான் இருவரும் அதன் முன்னால் சமமாக உட்கார முடியும்.

அது என்னவாக இருக்கலாம் என்பதற்குப் படப் புத்தகத்தின் இயல்பிலேயே விடை உள்ளது. 1658இல் கொமேனியஸ் குழந்தைகளுக்காகப் படமும் சொல்லும் சேர்ந்த பாடநூலை வெளியிட்டபோது, படத்திலுள்ள ஒவ்வொரு பொருளுக்கும் எண் இட்டு, அதே எண்ணின்கீழ் அதன் பெயரைச் சொன்னார். அங்கே படமும் சொல்லும் ஒன்றையே சுட்டின. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இங்கிலாந்து ஓவியர் ராண்டால்ஃப் கால்டெகாட் வேறொரு வழியைத் திறந்தார்: சொல் விட்ட இடத்தைப் படம் எடுத்துக்கொள்ளும், படம் சொல்லாததைச் சொல் சொல்லும். அமெரிக்க நூலகச் சங்கம் 1938 முதல் ஆண்டுதோறும் சிறந்த படப் புத்தக ஓவியருக்கு அளிக்கும் பதக்கம் அவர் பெயரில்தான் இருக்கிறது.

இதை உங்கள் கதைக்குள் கொண்டு வாருங்கள். அவர்கள் கையிலுள்ள நூலகப் புத்தகத்தின் படங்களில் ஒரு சிறு நண்டு பக்கத்துக்குப் பக்கம் எங்காவது ஒளிந்திருக்கட்டும். உரையில் அதைப் பற்றி ஒரு சொல்லும் வேண்டாம். எழுத்தை நோக்கியே ஓடும் தேவியின் கண்ணுக்கு அது படவே படாது. எழுத்து தெரியாததால் படத்தையே துருவிப் பார்க்கும் ஸ்டெல்லாவுக்குத்தான் அது முதலில் தெரியும். தேவி பக்கத்தைத் திருப்பப் போகும்போது ஸ்டெல்லா கையை வைத்துத் தடுத்து, “இரு, இன்னும் பார்க்கவில்லை” என்று சொல்லும் இடம்தான் இந்தப் புத்தகத்தின் உயிர் என்று எனக்குப் படுகிறது. அப்போது, இன்னும் எழுத்து கற்காத குழந்தை இதைக் கேட்டுக்கொண்டிருந்தாலும், அதுவும் ஸ்டெல்லாவோடு சேர்ந்து நண்டைத் தேடும். வாசித்துக் காட்டும் பெரியவரைவிட அது முந்திக்கொள்ளும்.

காசிமேட்டுத் தாய்:

நானும் என் அம்மாவும் இந்தத் துறைமுகத்தில் மீன் விற்றவர்கள். வரைவில் ஸ்டெல்லாவின் அம்மா வரும் பக்கம் எனக்கு வருத்தத்தைத் தந்தது. குழந்தை புத்தகத்தைத் தொட்டாலே இழுத்துக்கொண்டு போகிறவர்களாக எங்களை ஏன் வரைய வேண்டும்? ஏலத்தில் கூடை கூடையாக விலை ஏறும்போது யாருக்கு எவ்வளவு என்று மனத்திலேயே கணக்கு வைத்துக்கொள்ளும் பெண்களுக்குப் படிப்பின் அருமை தெரியாது என்று நினைக்கிறீர்களா? தடைக்காலத்தில் கையில் பணம் இருக்காது, அதனால் பிள்ளையை வேலைக்குக் கூப்பிடுவோம், அது உண்மைதான். அதே அம்மா ஒரு கையில் கருவாட்டைப் புரட்டிக்கொண்டே, “அப்புறம் என்ன ஆச்சு?” என்று கதையைக் கேட்பதும் உண்மைதான். அதை ஏன் விட்டீர்கள்?

இன்னொன்று. தடைக்காலம் என்று எழுதிவிட்டுப் பின்னணியில் விசைப்படகிலிருந்து மீன் குவியல் குவியலாக இறங்குவதாக வரைந்திருக்கிறீர்கள். அந்த நாட்களில் விசைப்படகுகள் கடலுக்குப் போகாது. பைபர் படகுகள் மட்டும் கரைக்குப் பக்கமாகப் போய் வரும். வலையைத் தைப்பதும் படகுக்குச் சாயம் அடிப்பதும் பெயர் எழுதுவதும்தான் அப்போது நடக்கும். விசைப்படகில் தொழிலுக்குப் போகும் அப்பாக்கள் வீட்டில் இருக்கும் காலமும் அதுதான். ஸ்டெல்லாவின் அப்பா எங்கே போனார்?

பெயர் என்றதும் நினைவுக்கு வருகிறது. எங்கள் குழந்தைகள் பள்ளிக்கூடம் போவதற்கு முன்பே படகுகளை அவற்றின் மேல் எழுதியிருக்கும் பெயரைக் கொண்டு அடையாளம் சொல்வார்கள். எழுத்து தெரிந்து சொல்வதில்லை. எழுதியிருக்கும் தோற்றத்தைப் பார்த்தே சொல்வார்கள்.

தண்டையார்பேட்டை ஆசிரியர்:

அம்மா, நீங்கள் கடைசியாகச் சொன்னது கதையின் முடிச்சையே அவிழ்த்துவிட்டது. அவர்கள் நிழலுக்கு உட்காரும் படகின் பெயர் ‘கடல்’ என்ற சொல்லில் தொடங்கட்டும். அந்தச் சொல்லில் கொம்பும் இல்லை, காலும் இல்லை; க, ட, ல் என்று மூன்றே எழுத்துகள். முதல் பக்கத்திலிருந்தே அந்தப் பெயர் படகின் முகப்பில் தெரிய வேண்டும். ஸ்டெல்லா பிறந்ததிலிருந்து பார்த்து வரும் வடிவம் அது. நூலகப் புத்தகத்தில் ஒரு வரியில் அதே வடிவம் வரும்போது, யாரும் சொல்லிக் கொடுக்காமல், தேவியின் விரல் அங்கே போய்ச் சேரும் முன்னரே ஸ்டெல்லா அதை வாசித்துவிடுவாள். நான் கேட்ட வாசிப்பு இதுதான். மேடை தேவையில்லை.

எழுத்துகளைத் தனித்தனியாகக் கற்பிப்பதா, சொல்லாகக் காட்டித் தொடங்குவதா என்ற பழைய விவாதத்துக்குள் நான் போகவில்லை. இரண்டும் வேண்டும் என்பதே என் அனுபவம். ஆனால் ஒரு குழந்தை முதன்முதலில் தன் ஊரில் கண்ட சொல்லைப் புத்தகத்தில் கண்டுபிடிக்கும்போது முகத்தில் தோன்றும் மாற்றத்தை எந்த முறையாலும் அதற்கு முன் வரவழைக்க முடியாது.

வியாசர்பாடி வாசகர்:

உரையாடல் மொழியைப் பற்றிய கேள்விக்கு யாரும் விடை சொல்லவில்லை. எனக்கு அதுதான் மிக முக்கியம். நான் வளர்ந்த தெருவின் பேச்சைத் திரைப்படங்களில் அடியாள் பேசக் கேட்டிருக்கிறேன், நகைச்சுவை நடிகர் பேசக் கேட்டிருக்கிறேன். ஒரு சிறுமி இன்னொரு சிறுமியிடம் அன்பாகப் பேசும் மொழியாக அதை அச்சில் கண்டதே இல்லை. என் தங்கை பள்ளியில் வாயைத் திறந்தாலே “ஒழுங்காகப் பேசு” என்ற அதட்டல் வரும். அதனால் அவள் வகுப்பில் பேசுவதையே நிறுத்திக்கொண்டாள். இந்தப் புத்தகத்திலாவது ஸ்டெல்லாவும் தேவியும் எங்கள் பேச்சில் பேசட்டும். அப்போதுதான் குழந்தைகள் இது தங்கள் புத்தகம் என்று எடுத்துக்கொள்வார்கள்.

தண்டையார்பேட்டை ஆசிரியர்:

தம்பி, உங்கள் தங்கைக்கு நேர்ந்தது எந்தக் குழந்தைக்கும் நேரக் கூடாது. பேச்சு மொழியைப் பழிப்பவன் அல்லன் நான். என் தயக்கம் வேறு. பேச்சுக்கு நிலையான எழுத்துமுறை இல்லை. ஒரே சொல்லை ஒரு பக்கத்தில் ஒரு விதமாகவும் இன்னொரு பக்கத்தில் வேறு விதமாகவும் எழுதினால், எழுத்துக்கூட்டத் தொடங்கியிருக்கும் குழந்தை எதை நம்பும்? கதை சொல்லும் வரிகள் எளிய எழுத்துத் தமிழில் இருக்கட்டும். தோழிகளின் பேச்சு மட்டும், சிறு சிறு வாக்கியங்களாக, பேச்சு வழக்கில் வரட்டும். ஆனால் ஒரு சொல்லுக்கு ஓர் எழுத்துமுறையைத் தீர்மானித்துப் புத்தகம் முழுவதும் அதையே பின்பற்றுங்கள்.

வியாசர்பாடி வாசகர்:

ஒப்புக்கொள்கிறேன், ஐயா. ஒரு வேண்டுகோள் மட்டும் உண்டு. திரைப்படத்தில் கேட்ட பேச்சை எழுத வேண்டாம். அந்த மாடிப்படிகளில் குழந்தைகள் பேசுவதைக் கேட்டு எழுதுங்கள். எழுதியதை அவர்களிடமே வாசித்துக் காட்டித் திருத்துங்கள். சிரிப்பு வரவேண்டிய இடத்தில் அல்லாமல் தங்கள் பேச்சைக் கேட்டதற்காகவே அவர்கள் கூச்சத்தோடு சிரித்தால், அந்த வரி மிகையாகிவிட்டது என்று அறிந்துகொள்ளலாம்.

கிளை நூலகர், வடசென்னை:

நூலகப் பக்கத்தைப் பற்றி நான் பேசியாக வேண்டும். வரைவில் நூலகர் உதட்டில் விரல் வைத்துக்கொண்டு நிற்கிறார். பல ஊர்களில் குழந்தைகள் நூலகத்துக்குள் காணும் முதல் காட்சி அதுவாகவே இருந்திருக்கிறது. கிழித்துவிடுவார்கள் என்ற அச்சத்தில் படப் புத்தகங்களைப் பூட்டிய அலமாரிக்குள் வைத்திருப்பதையும் கண்டிருக்கிறேன். சீர்காழியில் 1892இல் பிறந்து, சென்னைப் பல்கலைக்கழக நூலகராக இருந்த எஸ். ஆர். ரங்கநாதன் 1931இல் வகுத்த ஐந்து விதிகளில் முதல் விதியே புத்தகம் பயன்படுத்துவதற்கே என்பதுதான். அவரது முயற்சியால்தான் 1948இல் சென்னை மாகாணத்தில் பொது நூலகச் சட்டம் வந்தது. இன்றும் சொத்து வரியோடு நூலக வரி சேர்த்து வசூலிக்கப்படுகிறது. அதாவது தேவியும் ஸ்டெல்லாவும் எடுத்து வரும் புத்தகம் யாருடைய தயவாலும் கிடைத்தது அன்று, அது அந்தத் தெருவின் சொந்தப் பணத்தில் வாங்கியது.

ஆகவே நூலகரை மாற்றி வரையுங்கள். தரையில் பாய் விரித்து, குழந்தைகள் உரக்க வாசிக்க, நூலகர் அவர்களோடு உட்கார்ந்திருக்கட்டும். ஐந்து வயதுக் குழந்தையின் வாசிப்பு ஓசையோடுதான் இருக்கும். ஒரே புத்தகத்தை இருவர் சேர்ந்து தூக்கிக்கொண்டு வெளியே போவதை ஒரு முழுப் பக்கத்தில் காட்டினால், யார் பெயரில் எடுத்தார்கள், இன்றிரவு யார் வீட்டில் அது இருக்கும் என்ற பேச்சு தானாகவே எழும். குழந்தைகளுக்கு இவை மிகப் பெரிய கேள்விகள். நட்பு அங்கேதான் சோதிக்கப்படுகிறது.

தொடர்புள்ள ஒரு செய்தியையும் சொல்லிவிடுகிறேன். பழைய புத்தகக் கடைகளிலிருந்து நல்லெண்ணத்தோடு வாங்கிக் கொடுக்கப்படும் புத்தகங்களில் ‘லை’, ‘னை’, ‘ணா’ போன்ற எழுத்துகள் 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய வடிவங்களில் இருக்கும். புதிதாக வாசிக்கும் குழந்தைகளிடம் அவற்றைத் தனியே கொடுத்துவிட வேண்டாம். தாத்தா, பாட்டி வாசித்துக் காட்டட்டும். அவர்கள் அந்த வடிவங்களோடு வளர்ந்தவர்கள்.

அச்சகத் தொழிலாளி, இராயபுரம்:

பக்க எண்ணிக்கையைப் பற்றி. சென்டர் பின் அடிக்கும் புத்தகத்தில் பக்கங்கள் நான்கின் மடங்காகவே வர முடியும். பெரிய தாளை மடித்து வெட்டும்போது 16 பக்கம், 32 பக்கம் என்று அமைந்தால் தாள் வீணாகாது. உலகெங்கும் படப் புத்தகங்கள் பெரும்பாலும் 32 பக்கங்களில் நிற்பதற்கு இதுவே காரணம். இப்போது உங்களிடம் 28 பக்கங்கள் உள்ளன. பரிசு மேடையை எடுத்தால் 26. நண்டு தேடும் பக்கங்களைச் சேர்த்து 32 ஆக்கினால் கதைக்கும் நல்லது, தாளுக்கும் நல்லது.

ஓவியர் கவனிக்க வேண்டியவை சில உண்டு. இரண்டு பக்கமும் சேர்ந்த படங்களில் குழந்தையின் முகம் நடு மடிப்பில் விழக் கூடாது; வரைவின் ஓரிடத்தில் ஸ்டெல்லாவின் கண் மடிப்புக்குள் போய்விடுகிறது. ஸ்டெல்லா கையை வைத்துத் தடுக்கும் படம் வலப்பக்கத்தில்தான் வர வேண்டும். வாசிப்பவரின் கையும் அங்கேதான் தாளைத் திருப்பக் காத்திருக்கும். பளபளக்கும் தாள் குழல்விளக்கின் கீழ் கண்ணைக் கூசச் செய்யும். மங்கலான பூச்சுள்ள தாள் கேளுங்கள்.

இன்னொரு முக்கியமான யோசனை. நம் பகுதியில் தெலுங்கும் உருதும் பேசும் குடும்பங்கள் நிறைய உண்டு. எழுத்துகள் அனைத்தையும் கறுப்பு நிறத்தில் மட்டும் வைத்தால், பின்னாளில் வேறு மொழியில் அச்சிடும்போது நான்கு வண்ணத் தகடுகளில் கறுப்புத் தகட்டை மட்டும் மாற்றினால் போதும். படத்தின் மேல் வெள்ளை எழுத்தாக வைத்தால் நான்கையும் மாற்ற வேண்டியிருக்கும். உருது வலமிருந்து இடமாகப் போகும் என்பதால் பக்க வரிசையும் திரும்பும். அதற்குத் தனித் திட்டம் வேண்டும். தெலுங்குக்கு அந்தச் சிக்கல் இல்லை. படகின் பெயர் மட்டும் படத்தின் பகுதியாக இருக்கும். அது எந்த மொழிப் பதிப்பிலும் தமிழிலேயே இருக்கலாம் என்பது என் கருத்து, காசிமேட்டுப் படகு அல்லவா. ஆனால் அப்படி இருந்தால் ஸ்டெல்லா அதே வடிவத்தைப் புத்தகத்தில் காணும் இடம் தெலுங்கில் எப்படி நிற்கும் என்பதையும் இப்போதே யோசித்துக்கொள்ளுங்கள்.

பெரம்பூர் ஓவியர்:

நூலகப் புத்தகத்துக்குள் தெரியும் வரியையும் படமாகவே வரைந்து, அதையும் தமிழிலேயே விட்டுவிடலாம். அவர்கள் வாசிப்பது தமிழ்ப் புத்தகம். கதையை மற்றவர்கள் தெலுங்கில் கேட்கிறார்கள். இரண்டு வடிவங்களும் ஒன்றே என்பதைத் தமிழ் தெரியாத குழந்தையும் கண்ணால் ஒப்பிட்டு அறியும். சொல்லப்போனால் அந்தக் குழந்தை அப்போது ஸ்டெல்லாவின் இடத்திலேயே இருக்கும்.

காசிமேடு வாசிப்பு வட்டத் தன்னார்வலர்:

அனைவருக்கும் நன்றி. எங்கள் குழுவில் பேசி முடிவு செய்தவற்றைச் சொல்கிறேன்.

பரிசு மேடை போகிறது. தேவி எழுத்தையும் ஸ்டெல்லா நண்டையும் கண்டுகொண்டே போக, படகின் பெயரிலிருந்த சொல்லைப் புத்தகத்தில் ஸ்டெல்லா வாசிக்கும் அதே பக்கத்தில், தேவி முதல்முறையாகத் தானாகவே நண்டைக் கண்டுபிடிப்பாள். இருவரும் ஒரே நேரத்தில் கத்துவார்கள். அந்தப் பக்கத்தின் உரை எங்கள் பகுதிப் பேச்சில் இரண்டே சொற்கள். அவை எவை என்பதைக் குழந்தைகளிடம் கேட்டே எழுதுவோம். வியாசர்பாடி நண்பர் வரும் ஞாயிற்றுக்கிழமை வாசிப்புக்கு வந்து உடனிருந்தால் மகிழ்வோம்.

அம்மா பக்கத்தை முழுவதுமாக மாற்றுகிறோம். கருவாடு காயும் இடத்துக்கே புத்தகமும் போகும். ஸ்டெல்லா வேலை செய்துகொண்டே கேட்பாள், தேவி வாசிப்பாள், அம்மா அடுத்தது என்ன என்று கேட்பார், வலை தைத்துக்கொண்டிருக்கும் அப்பா ஒவ்வொரு வரிக்கும் ‘உம்’ கொட்டுவார். கதை கேட்பவர் உம் கொட்டாவிட்டால் சொல்பவர் நிறுத்திவிடுவார் என்பது நம் வீடுகளில் எழுதாத விதி. அந்த ஒலி வரும் இடங்களில் கேட்டுக்கொண்டிருக்கும் குழந்தைகளும் சேர்ந்து கொட்டும் வகையில் வரிகளை அமைக்கப் போகிறோம்.

ஒன்றில் மட்டும் எங்களுக்குள் இன்னும் உடன்பாடு இல்லை. புத்தகத்தை இரவு யார் வீட்டில் வைத்துக்கொள்வது என்று தோழிகள் சண்டையிடும் காட்சி வேண்டும் என்று பாதிப் பேரும், அது கதையின் இனிமையைக் குலைத்துவிடும் என்று மீதிப் பேரும் சொல்கிறார்கள்.

கிளை நூலகர்:

சண்டை கட்டாயம் வேண்டும். சண்டையே இல்லாத நட்பைக் குழந்தைகள் நம்ப மாட்டார்கள். ஆனால் பெரியவர் யாரும் வந்து தீர்த்து வைக்கக் கூடாது, பிள்ளைகளே தீர்த்துக்கொள்ளட்டும்.

காசிமேட்டுத் தாய்:

இரண்டு வீட்டுக்கும் பொதுவாக மாடிப்படி இருக்கிறதே. கோடையில் எங்கள் குடியிருப்பில் பாதிப் பேர் இரவில் மொட்டை மாடியில்தான் படுப்போம். இரண்டு வீட்டுப் பாயும் அடுத்தடுத்து இருக்கும், புத்தகம் நடுவில் இருக்கும். படிக்க வெளிச்சம் போதாது என்பீர்கள். தேவி அதற்குள் அந்தக் கதையை மனப்பாடமாகவே சொல்வாள்.

காசிமேடு வாசிப்பு வட்டத் தன்னார்வலர்:

அப்படியே வரைகிறோம், அக்கா. சண்டைக்கு இரண்டு பக்கம், மொட்டை மாடிக்கு இரண்டு பக்கம். அச்சகத் தோழர் சொன்ன 32 பக்கக் கணக்குக்குள் அடங்கிவிடும். புதிய வரைவின் கறுப்பு வெள்ளைப் படியை எடுத்து முதலில் உங்களிடம்தான் காட்டுவோம். தடைக்காலக் கரை சரியாக வந்திருக்கிறதா என்று நீங்கள் பார்த்துச் சொன்ன பிறகே வண்ணம் தீட்டத் தொடங்குகிறோம்.